உப ஜனாதிபதிக்கு யோக்கியதை என்ன?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் விசித்திரமான உத்தியோகம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சம்பளம் உண்டு, வசிக்க மாளிகை உண்டு, மெய்காப்பாளர்கள் உண்டு, போகுமிடமெல்லாம் மரியாதை உண்டு. ஆனால் வேலை என்று பார்த்தால், அந்நாட்டின் அரசியல் சட்டத்தில் எழுதியிருப்பது மிகச் சொற்பம். ஸெனட் சபைக்குத் தலைமை வகிக்கலாம். அங்கே வோட்டுகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் தம்முடைய வோட்டைப் போடலாம். இவை தவிர, சட்டப்படி அவருக்குள்ள முக்கியமான காரியம் ஒன்றே ஒன்றுதான். ஜனாதிபதிக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த நிமிஷமே அவருடைய ஸ்தானத்தில் அமருவதற்கு ஆயத்தமாய்க் காத்திருக்க வேண்டும். அமெரிக்க உப ஜனாதிபதியின் உத்தியோகம் இதுதான்.

இந்தப் பதவியை முதன்முதலில் வகித்தவர் ஜான் ஆடம்ஸ். மனிதனுடைய மூளை இதைவிட அற்பமான ஓர் உத்தியோகத்தைக் கற்பனை செய்ததில்லை என்ற கருத்துப்பட அவர் தம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். 1933 முதல் 1941 வரையில் இதே பதவியில் இருந்த ஜான் கார்னர் இதைப்பற்றிச் சொன்னதாக வழங்கும் வார்த்தைகளைக் குழந்தைகளும் பெரியவர்களும் கூடிப் படிக்கும் ஒரு பத்திரிகையில் அச்சிடுவதற்கில்லை!

இவ்வளவு அற்பமான பதவிக்கு நிற்கும் ஒருவர் தகுதியுள்ளவரா, இல்லையா என்று ஒரு தேசம் முழுவதும் இராப்பகலாய் விவாதிப்பானேன்? அப்படி விவாதித்தது நியாயந்தானா? நியாயமென்றால், தகுதியை எந்த அளவுகோலால் அளப்பது? இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு வரையில் அமெரிக்க ஜனாதிபதி பதவியை வகித்தவர்கள் 45 பேர். அவர்களில் 8 பேர் பதவியிலிருக்கும்போதே காலமானார்கள். அந்த 8 பேரில் 4 பேர் கொலையுண்டவர்கள். ஒருவர் ராஜிநாமாச் செய்தார். ஆக, 9 உப ஜனாதிபதிகள் ஜனங்கள் தங்களை அந்த ஸ்தானத்துக்கென்று தேர்ந்தெடுக்காமலே ஜனாதிபதிகளானார்கள். ஐந்து ஜனாதிபதிகளில் ஒருவர் இந்தப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர் என்று ஏற்படுகிறது. 1841-ல் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் பதவியேற்று ஒரே மாதத்தில் மாண்டுபோனார். மிகுதியிருந்த ஏறக்குறைய நான்கு வருஷமும் ஆட்சி செய்தவர் உப ஜனாதிபதி ஜான் டைலர்.

நம் நாட்டு வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியரசிலும் உப ஜனாதிபதி உண்டு. அவர் ராஜ்ய சபைக்குத் தலைமை வகிக்கிறார். ஜனாதிபதி காலமானால் அவருடைய பொறுப்பை ஏற்கிறார். 1969-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாக்டர் ஜாகிர் ஹுசேன் காலமானபோது ஸ்ரீ வி. வி. கிரி அவ்விதம் ஏற்றார். ஆனால் இங்கே அது தாற்காலிகமான ஏற்பாடுதான். ஆறு மாதத்துக்குள் புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அன்றியும், நம் தேசத்தில் ஆட்சியின் கடிவாளம் பிரதம மந்திரியின் கையில் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஜனாதிபதியே எல்லாம். மந்திரிகள் அவர் நியமிப்பவர்கள்; தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் அவரே தலைவர்; அணு ஆயுதங்களைப் பிரயோகிக்க உத்தரவிடும் அதிகாரமும் அவர் ஒருவருடையதே. இத்தனையும் ஓர் உப ஜனாதிபதியின் கைக்கு ஒரே இரவில் போய்ச் சேரும். அதுவும் ஆறு மாதத்துக்கல்ல; மிச்சமுள்ள காலம் முழுவதற்கும்.

2008-ஆம் ஆண்டு விவாதம்

இதுவரையில் நடந்த விவாதங்களில் மிகவும் சூடாக நடந்தது 2008-ஆம் ஆண்டில் ஸாரா பேலின் அம்மையாரைப் பற்றிய விவாதமாகும். குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகரான ஜான் மக்கெய்ன், அவ்வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் தம்முடைய உப ஜனாதிபதி அபேட்சகர் இன்னாரென்று அறிவித்தார். அன்றைக்கு மக்கெய்னுக்கு 72 வயது நிறைந்த நாள். அவர் வெற்றி பெற்றிருந்தால், முதன்முறை பதவியேற்கும் ஜனாதிபதிகளில் அதுவரையில் அவரே மிகவும் வயது முதிர்ந்தவராக இருந்திருப்பார். முன்னமே சருமப் புற்றுநோய்க்காகச் சத்திர சிகிச்சையும் செய்துகொண்டவர். ஆகையால் அவருக்கு அடுத்தபடி நிற்பவர் யார் என்ற கேள்வி வெறும் சம்பிரதாயக் கேள்வியாக இருக்கவில்லை.

பேலின் அம்மையாருக்கு அப்போது வயது 44. வட துருவத்தை அடுத்துள்ள அலாஸ்கா மாகாணத்தின் கவர்னர். அலாஸ்கா விஸ்தீரணத்தில் அமெரிக்க மாகாணங்களுக்குள் மிகப் பெரியது. ஜனத்தொகையிலோ அப்போது ஏழு லட்சத்துக்கும் குறைவாக இருந்தது. அவர் கவர்னராகி இரண்டு வருஷங்கூட நிரம்பவில்லை. அதற்கு முன் வாஸில்லா என்னும் சிற்றூரில் ஆறு வருஷம் மேயராக இருந்தவர்.

அவரை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. மேயராகவும் கவர்னராகவும் இருந்து நிர்வாகம் நடத்தியவர் அவர். எதிர்க்கட்சி அபேட்சகர்களான பராக் ஒபாமா, ஜோ பைடன் இருவரும் சட்டசபையில் பேசியவர்களேயன்றி நிர்வாகம் செய்தவர்களல்லர் என்றார்கள். தம் சொந்தக் கட்சியின் கவர்னரையே எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்கடித்த தைரியசாலி என்றார்கள். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அஞ்சாமல் வரியை உயர்த்தியவர் என்றார்கள். ஒபாமாவே ஸெனட் சபைக்கு வந்து நான்கு வருஷம் ஆகவில்லை. அவர் ஜனாதிபதியாகலாம், இந்த அம்மையார் உப ஜனாதிபதியாகக் கூடாதா என்று கேட்டார்கள்.

எதிர்த்தவர்களுக்கோ அந்த மாதம் நடந்த சம்பவங்களே வாதத்தைத் தேடித் தந்தன. செப்டம்பர் 15-ந் தேதி லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி ஸ்தாபனம் திவாலாயிற்று. உலகமெங்கும் பாங்கிகள் ஆட்டங்கண்டன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கேட்டி கூரிக் என்னும் ஸ்திரீ நிருபர் ஸி.பி.எஸ். தொலைக்காட்சியில் பேலின் அம்மையாரைப் பேட்டி கண்டார். நிதி நெருக்கடியைப் பற்றிய கேள்விக்கு வந்த பதில் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போயிற்று. உலக விவகாரங்களை அறிவதற்கு எந்தெந்தப் பத்திரிகைகளைப் படிப்பது வழக்கம் என்ற கேள்விக்கு, பெரும்பாலும் எல்லாவற்றையும் என்ற பொருளில் பதில் வந்ததே தவிர, ஒரு பத்திரிகையின் பெயராவது வரவில்லை. கருச்சிதைவு பற்றிய பிரசித்தமான தீர்ப்பைத் தவிர, சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளில் தமக்குச் சம்மதமில்லாத வேறொன்றைச் சொல்லவும் அவரால் அப்போது முடியவில்லை.

அக்டோபர் 2-ந் தேதி ஸெயிண்ட் லூயிஸ் நகரில் பேலின் அம்மையாரும் ஜோ பைடனும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அதைச் சுமார் ஏழு கோடி ஜனங்கள் தங்கள் வீடுகளிலிருந்து பார்த்தார்கள். அவ்வருஷத்து ஜனாதிபதி அபேட்சகர்களின் விவாதங்களுக்குக்கூட அத்தனை கூட்டம் சேரவில்லை. பேட்டியில் தடுமாறியவர் விவாதத்தில் தடுமாறாமலே பேசினார். ஆயினும், அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ராஜாங்க மந்திரி காலின் பவெல், அவர் ஜனாதிபதியாவதற்கு ஆயத்தமாயில்லை என்று தாம் கருதுவதாக அக்டோபர் 19-ந் தேதி பகிரங்கமாய்ச் சொன்னார். நவம்பர் 4-ந் தேதி தேர்தலில் ஒபாமாவும் பைடனும் 365 தேர்வாளர் வோட்டுகள் பெற்று ஜயித்தார்கள். மக்கெய்னும் பேலினும் பெற்றவை 173.

கேட்கத் தகாத கேள்விகள்

அந்தத் தோல்வியோடு விவாதம் தீர்ந்துவிடவில்லை. பிறகு வந்த தேர்தல்களிலும் அது தலைதூக்கியே வந்திருக்கிறது. 2024-ல் 78 வயதான டொனால்டு டிரம்ப் தமக்குத் துணையாக ஜே. டி. வான்ஸைத் தேர்ந்தபோது, வான்ஸுக்கு 39 வயது. ஸெனட் சபையில் புகுந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. அப்போதும் இதே கேள்வி எழுந்தது. ஆகவே, இத்தகைய விவாதத்தில் எந்தக் கேள்வி கேட்கத் தக்கது, எது தகாதது என்று பிரித்துக்கொள்வது அவசியமாகிறது.

தகாத கேள்வி ஒன்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஐந்து குழந்தைகளின் தாய், அதிலும் கைக்குழந்தை வைத்திருப்பவர், நாட்டின் இரண்டாவது பெரிய பதவியை எப்படி வகிக்க முடியும் என்று 2008-ல் பலர் கேட்டார்கள். மாதர் முன்னேற்றத்துக்காகப் பாடுபடுகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்களிலும் சிலர் கேட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ஆறு குழந்தைகள். அவர் 1900-ஆம் ஆண்டில் உப ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, வீட்டில் குழந்தைகளை யார் கவனிப்பார்கள் என்று அவரை எவரும் கேட்கவில்லை. ஆண்மகனைக் கேட்காத கேள்வியைப் பெண்மணியிடம் மட்டும் கேட்பது, தகுதியைப் பரீட்சிப்பதாகாது. சிற்றூரிலிருந்து வந்தவர், உயர்ந்த கலாசாலைகளில் படிக்காதவர், உச்சரிப்பு ஒரு மாதிரி என்றெல்லாம் செய்த பரிகாசங்களும் இதே ஜாதியைச் சேர்ந்தவையே.

சட்டத்தின் பெயரால் கேட்கும் கேள்வி இன்னொரு வகை. அமெரிக்க அரசியல் சட்டப்படி, பிறப்பினாலேயே அந்நாட்டுப் பிரஜையாயிருப்பவர், 35 வயது நிரம்பியவர், 14 வருஷமேனும் அந்நாட்டில் வசித்தவர் ஜனாதிபதியாகலாம். 1804-ல் சேர்த்த 12-வது திருத்தத்தின்படி, ஜனாதிபதியாவதற்குச் சட்டம் இடங்கொடாத எவரும் உப ஜனாதிபதியாகவும் முடியாது. சட்டம் கேட்பது ஏறக்குறைய இவ்வளவே.

இந்தச் சிறிய வேலியையும் ஒருவரை வெளியே நிறுத்துவதற்கு உபயோகிக்கப் பார்த்தவர்கள் உண்டு. 2020-ல் கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, அவருடைய பெற்றோர் வேறு தேசங்களிலிருந்து வந்தவர்களாதலால் அவர் பிறவிப் பிரஜையாவாரா என்று சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண்மணி. தாயாரின் தந்தை மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். அந்த ஊர்க் கோயிலில் கமலா ஹாரிஸின் வெற்றிக்காக அர்ச்சனை நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் கமலா ஹாரிஸ் பிறந்தது 1964-ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டு நகரில். அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அந்நாட்டுப் பிரஜைகளே என்று 1868-ல் சேர்த்த 14-வது திருத்தம் சொல்லுகிறது. சந்தேகம் பிசுபிசுத்துப் போயிற்று. 2021 ஜனவரியில் அவர் பதவியேற்றார்.

சட்டத்தின் வேலி எவ்வளவு தாழ்வானது என்பதை இதிலிருந்து அறியலாம். வேலியைத் தாண்டியவர்களெல்லாம் யோக்கியதையுடையவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் தாண்டக்கூடிய வேலி அது.

அநுபவம் மட்டும் போதுமா?

அப்படியானால் அநுபவத்தை அளவுகோலாகக் கொள்ளலாமா? இத்தனை வருஷம் இன்ன பதவியில் இருந்திருக்க வேண்டும் என்று சொன்னால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரம் இதற்குச் சம்மதிக்கவில்லை.

ஆண்ட்ரூ ஜான்ஸன் என்பவரின் கதையைக் கேளுங்கள். தையற் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிரதிநிதிகள் சபையில் பத்து வருஷம், டென்னஸி மாகாணத்துக் கவர்னராக நான்கு வருஷம், ஸெனட் சபையில் ஐந்து வருஷம், யுத்தகாலத்தில் அதே மாகாணத்தின் ராணுவ கவர்னராக மூன்று வருஷம் என்று அவர் பார்க்காத உத்தியோகமில்லை. உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1864-ஆம் ஆண்டில், எதிர்க்கட்சியாரின் ஆதரவையும் திரட்டலாமென்று ஆபிரகாம் லிங்கனுக்குத் துணையாக அவரைச் சேர்த்தார்கள். 1865 மார்ச் 4-ந் தேதி பதவிப் பிரமாணம் செய்யும்போதே அவர் மது அருந்திவிட்டு வந்து உளறினார். 42-வது நாள் லிங்கன் உயிர் துறந்தார்.

அப்போது தேசத்தின் முன்னிருந்த காரியம், நாற்பது லட்சம் நீக்ரோ அடிமைகளுக்குக் கிடைத்த விடுதலையை மெய்யான விடுதலையாக்குவது. ஜான்ஸன் அதற்குத் துணை செய்யாததோடு குறுக்கேயும் நின்றார். 1866-ல் அவர்களுடைய பிரஜா உரிமைகளைக் காக்கும் மசோதாவை நிராகரித்தார். காங்கிரஸ் அவரை மீறி அதைச் சட்டமாக்க வேண்டியிருந்தது. 1868-ல் அவர்மீது குற்றம் சாட்டி விசாரணை நடந்தது. ஸெனட் சபையில் ஒரே ஒரு வோட்டுக் குறைந்ததால் பதவி தப்பினார். அவருடைய நீண்ட அநுபவத்தினால் விளைந்த பலன் இது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் செஸ்டர் ஆர்தர். உப ஜனாதிபதியாவதற்கு முன் ஜனங்களின் வோட்டைப் பெற்று அவர் எந்தப் பதவியையும் வகித்ததில்லை. நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாயிருந்தவர். அந்தச் சுங்கச்சாவடி கட்சிக்காரர்களுக்கு உத்தியோகம் வழங்கும் சத்திரமாக விளங்கியது என்று 1878-ல் ஜனாதிபதி ஹேய்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கினார். 1880-ல் நியூயார்க் கோஷ்டியாரைத் திருப்திப்படுத்துவதற்காக அவரை உப ஜனாதிபதி அபேட்சகராக்கினார்கள். 1881 ஜூலை மாதம் ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உத்தியோகம் கிடைக்காத ஏமாற்றத்தினால் சுட்ட அந்தப் பாதகன், ஆர்தர் ஜனாதிபதியாக வேண்டுமென்றே சுட்டதாகச் சொன்னான். இதைவிட ஒரு மனிதருக்குத் தலைக்குனிவு வேறென்ன வேண்டும்? இரண்டரை மாதம் உயிருக்கு மன்றாடி, செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு மறைந்தார்.

ஆர்தர் பதவியேற்றபோது நல்லவர்கள் பலர் நடுங்கினார்கள். ஆனால் நடந்தது வேறு. 1883-ல் சர்க்கார் உத்தியோகங்களைக் கட்சிச் சிபாரிசின்றிப் பரீட்சை மூலம் கொடுப்பதற்கு வகை செய்யும் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதே ஆர்தர்தான். தம்மை வளர்த்துவிட்ட ஏணியைத் தாமே உதைத்தார் என்று பழைய நண்பர்கள் கோபித்தார்கள். தேசம் நன்மையடைந்தது.

அநுபவம் வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆர்தரை அவர் அநுபவமின்மைக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தேசத்தின் அதிர்ஷ்டம் அப்படி இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பி ஆட்சியை ஒப்படைக்க முடியுமா? வருஷக் கணக்கு ஒருவரைப் பற்றி ஓரளவுதான் சொல்லும் என்பதே இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

82 நாள்

ஹாரி டிரூமனின் கதை இன்னும் ஆழமாக யோசிக்கச் செய்கிறது. அவர் மிஸ்ஸௌரி மாகாணத்துக்காரர். கலாசாலைப் பட்டம் பெறாதவர். இளமையில் துணிக்கடை வைத்து நஷ்டமடைந்தவர். ஸெனட் சபையில் பத்து வருஷம் இருந்தார். யுத்தத் தளவாட உற்பத்தியில் நடக்கும் வீண் செலவுகளை விசாரித்த கமிட்டிக்குத் தலைமை வகித்து நற்பெயர் பெற்றார். 1944-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்காம் முறை நின்றபோது அவருடைய தேகம் நலிந்திருந்ததை நெருங்கியிருந்தவர்கள் அறிவார்கள். ஆகவே அவ்வருஷம் உப ஜனாதிபதியைத் தேர்ந்தவர்கள் ஒரு வகையில் அடுத்த ஜனாதிபதியையே தேர்ந்தார்கள்.

1945 ஜனவரி 20-ந் தேதி டிரூமன் உப ஜனாதிபதியானார். 82 நாள் சென்றன. ஏப்ரல் 12-ந் தேதி மாலை வெள்ளை மாளிகைக்கு அவசரமாக அழைக்கப்பட்டார். ரூஸ்வெல்ட் காலமான செய்தியை ரூஸ்வெல்ட்டின் மனைவியே அவரிடம் தெரிவித்தார். அன்று இரவு பிரமாணம் எடுத்து மந்திரிகளைச் சந்தித்து முடித்த பிறகு, யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் தனியே நின்று, பயங்கர சக்தி வாய்ந்த ஒரு புதிய வெடி தயாராகி வருகிறதென்று சுருக்கமாய்ச் சொன்னார். முழு விவரம் ஏப்ரல் 25-ந் தேதிதான் தெரிந்தது. 1943-ல் கமிட்டித் தலைவராயிருந்தபோது, மர்மமான சில தொழிற்சாலைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய டிரூமனை அதே ஸ்டிம்ஸன்தான் விசாரிக்க வேண்டாமென்று தடுத்திருந்தார். 82 நாள் உப ஜனாதிபதியாக இருந்தும் அந்த ரகசியம் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு விழுந்தது.

குண்டு போட்டது சரியா, தப்பா என்பது வேறு பெரிய விவாதம். அதற்குள் இப்போது நாம் போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: லட்சக்கணக்கான உயிர்களைப் பற்றிய ஒரு முடிவு, அதைப்பற்றி நான்கு மாதத்துக்கு முன் ஒன்றும் அறியாதிருந்த ஒரு மனிதரின் கைக்கு வந்தது. உப ஜனாதிபதிக்கு அறிவிருந்தால் மட்டும் போதாது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரியங்களைச் சொல்லிக் கொடுக்கும் மனம் ஜனாதிபதிக்கும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் அப்போது உணர்ந்தார்கள். 1949-ல் தேச பாதுகாப்புக் கவுன்ஸிலில் உப ஜனாதிபதியையும் அங்கத்தினராக்கிச் சட்டம் செய்தார்கள்.

பரீட்சை செய்வது யார்?

இனி, விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம். உப ஜனாதிபதி அபேட்சகரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? இக்காலத்தில் அது பெரும்பாலும் ஜனாதிபதி அபேட்சகர் ஒருவருடைய தீர்மானந்தான். கட்சி மகாநாடு கைதட்டி ஏற்றுக்கொள்ளும். வோட்டருக்கோ உப ஜனாதிபதிக்கென்று தனி வோட்டுக் கிடையாது. மேலே இருப்பவரை வேண்டுமானால் கீழே இருப்பவரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். கத்தரிக்காய் வாங்கப் போனவர் தலையில் கொசுறையும் கட்டுவது போலத்தான்!

தேர்ந்தெடுப்பவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்? எந்த மாகாணத்து வோட்டுகள் கிடைக்கும், எந்தக் கோஷ்டி சமாதானமாகும், எது பத்திரிகைகளில் பரபரப்பை உண்டாக்கும் என்பவையே அநேகமாய் முன்னே வந்து நிற்கின்றன. அவசரமும் சேர்ந்துகொள்கிறது. 1972-ல் ஜார்ஜ் மக்கவர்ன், கட்சி மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே சில மணி நேரத்தில் தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார். ஈகிள்டன் மனச்சோர்வு நோய்க்காக மின்சார அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவரென்பது பிறகு வெளிப்பட்டது. 18 நாளில் அவர் விலகும்படி ஆயிற்று. நோயைவிட, முன்கூட்டி விசாரியாத அவசரமே மக்கவர்னின் பெயரைக் கெடுத்தது.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் அமெரிக்காவில் உப ஜனாதிபதியின் தகுதி முறைப்படி பரீட்சிக்கப்படுகிறது. 1967-ல் அமுலுக்கு வந்த 25-வது திருத்தப்படி, உப ஜனாதிபதி பதவி இடையில் காலியானால் ஜனாதிபதி ஒருவரை நியமிக்கலாம். காங்கிரஸின் இரு சபைகளும் அவரை ஏற்க வேண்டும். 1973 அக்டோபரில் ஸ்பைரோ ஆக்னியூ ஊழல் விவகாரத்தில் சிக்கி ராஜிநாமாச் செய்தபோது, ஜனாதிபதி நிக்ஸன் ஜெரால்டு போர்டை நியமித்தார். நூற்றுக்கணக்கான புலன் விசாரணை அதிகாரிகள் போர்டின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார்கள். கமிட்டிகள் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டன. ஸெனட் சபை 92-க்கு 3 என்ற கணக்கிலும், பிரதிநிதிகள் சபை 387-க்கு 35 என்ற கணக்கிலும் அவரை ஏற்றன. டிஸம்பர் 6-ந் தேதி அவர் பதவியேற்றார். எட்டே மாதத்தில் நிக்ஸன் ராஜிநாமாச் செய்ய, போர்டு ஜனாதிபதியானார். அவ்வளவு பரீட்சையும் வீண்போகவில்லை என்பது வெளிப்படை. அடுத்து நெல்ஸன் ராக்பெல்லரை நியமித்தபோது, அவருடைய ஐசுவரியத்தைப் பற்றியும் அவர் அளித்த நன்கொடைகளைப் பற்றியும் ஏறக்குறைய நான்கு மாதம் விசாரணை நடந்தது.

2008-ல் பேலின் அம்மையாரை அறிவித்த நாளுக்கும் தேர்தல் நாளுக்கும் நடுவே இருந்தவை 67 நாள். அந்த 67 நாளில் ஜனங்கள் சார்பாகக் கேள்வி கேட்டவர்கள் சில பத்திரிகை நிருபர்களும் ஒரே ஒரு விவாதமுந்தான். ஒபாமாவுக்கும் அநுபவம் குறைவுதானே என்று ஆதரவாளர்கள் கேட்டதற்கு விடையும் இதில் இருக்கிறது. ஒபாமா 2007 பிப்ரவரியில் தம் எண்ணத்தை அறிவித்தார். அப்புறம் ஏறக்குறைய 18 மாதம் ஊர் ஊராய்ப் போய், எதிரிகளோடு மேடை மேடையாய் விவாதித்து, மாகாணத்துக்கு மாகாணம் வோட்டுப் பெற்று வந்தார். அவரை ஏற்றுக்கொண்டவர்களும் வேண்டாமென்றவர்களும் அவரைப் பார்த்துவிட்டே முடிவு செய்தார்கள்.

நம்முடைய அபிப்பிராயம்

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, பேலின் அம்மையாரின் தகுதியைப் பற்றி அமெரிக்கர்கள் விவாதித்தது முற்றிலும் நியாயமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் பெண்மணி என்பது குறையன்று. சிற்றூர்க்காரர் என்பது குறையன்று. வருஷக் கணக்குக் குறைவு என்பதுகூடத் தனியாக நின்றால் பெரிய குறையன்று. நாளைக் காலையில் தம் தலைமேல் விழக்கூடிய பாரத்தைப் பற்றி அவர் முன்னமே சிந்தித்திருந்தார் என்பதற்கு அந்தப் பேட்டிகளில் அத்தாட்சி கிடைக்கவில்லை என்பதே குறை. ஒரு மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்க முடியாது. ஆனால் தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு, யாரைக் கேட்பேன், எப்படித் தெரிந்துகொள்வேன் என்று சொல்லும் நிதானம் இருக்க வேண்டும். சிரமமான கேள்வி வரும்போது அந்த நிதானம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்காகவேனும் கேள்வி கேட்பது அவசியம்.

ஆனால் குற்றத்தை அந்த அம்மையாரின் தலையில் மட்டும் சுமத்துவது தர்மமாகாது. பெரிய பதவிக்கு அழைப்பு வந்தால் வேண்டாமென்று சொல்லக்கூடியவர்கள் உலகில் எத்தனை பேர்? அழைத்தவர் மக்கெய்ன். ஸெனட் சபையில் இருபது வருஷத்துக்குமேல் இருந்தவர். வியத்நாமில் ஐந்து வருஷத்துக்குமேல் சிறையிருந்த வீரர். தமக்குப்பின் தேசத்தை யாரிடம் விட்டுப் போவது என்ற ஒரு கேள்வியில் அவர் காட்டிய விவேகம், மற்றக் காரியங்களில் காட்டிய விவேகத்துக்கு ஈடாக இல்லை. காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2018-ல் வெளியான தம்முடைய நூலில், தம் நண்பர் ஜோ லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் பேலின் அம்மையாரைக் குறை கூற அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டியதுதான்.

ஆகவே, உப ஜனாதிபதி அபேட்சகரைப் பற்றிய விவாதம், உண்மையில் இரண்டு பேரைப் பற்றிய விவாதம். நிற்பவருக்குத் தகுதியுண்டா என்று கேட்கும்போதே, அவரை நிறுத்தியவருக்குப் பொறுப்புணர்ச்சி உண்டா என்றும் கேட்கிறோம். ஜனாதிபதியாகப் போகிறவர் பதவிக்கு வருமுன்னரே செய்யும் முதல் ராஜாங்க காரியம் இந்தத் தேர்வுதான். குடும்பத் தலைவர் ஒருவர் தமக்குப்பின் குழந்தைகளுக்குக் கார்டியனாக யாரை எழுதி வைக்கிறார் என்பதைக் கொண்டு, குழந்தைகளிடம் அவருக்குள்ள அன்பை நாம் அளந்துவிடுகிறோமல்லவா? தேசத்தின் விஷயத்திலும் ஜனங்கள் அப்படி அளந்து பார்க்க உரிமையுண்டு. அந்த உரிமையை அவர்கள் எந்தத் தேர்தலிலும் கைவிடாதிருக்க வேண்டும் என்பதே நம்முடைய அபிப்பிராயம்.